பின்னால நின்னு சொல்றவன்

அதைத் தொடாதீங்க தம்பி. மஞ்சள்ல நிக்குது பாருங்க, அது விக்கிறதுக்கில்லை. விக்கிறது இந்தப் பக்கம், சுவரோரமா வெள்ளையும் நீலமுமா நீட்டிட்டு நிக்குதே, அதுதான். விக்கறதுக்குப் போட்ட போட்டோவுல ரெண்டும் சேந்து விழுந்திருச்சு. ஈரோட்டுல இருந்து இத்தனை தூரம் காரை எடுத்துட்டு வந்திருக்கீங்க, உங்களைக் குழப்பக் கூடாதுன்னு மொதல்லயே சொல்லிடறேன். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காருங்க. றெக்கை மேல கை படாம.

வாங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். நீங்க எப்படி ஓட்டறவரு? இருங்க, இருங்க, பதிலை அப்புறமாச் சொல்லுங்க. எதுக்குக் கேக்கறேன்னு நான் சொல்லி முடிச்சிடறேன்.

பாக்கறவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டும் ஏழடி றெக்கை. ரெண்டுக்கும் மொபெட் இஞ்சின் அளவுக்கு ஒரு பெட்ரோல் இஞ்சின். ரெண்டும் ரிமோட்டுல பறக்கற விமானம், ரெண்டும் வானத்துல குட்டிக்கரணம் போடும். எங்க ஊட்டுல கேட்டீங்கன்னா வெள்ளைக் குப்பை, மஞ்சக் குப்பைம்பா. ஆனா ரெண்டும் வேற வேற பொறப்புங்க. இந்த வெள்ளை இருக்குதே, இதுக்குப் பேரு எக்ஸ்ட்ரா. உடம்பு நீளம், றெக்கை மெலிசு, கொஞ்சம் கனம். வேகமாப் போனாத்தான் இதுக்கு மரியாதை. மேல ஏறுன்னா நட்டுக்குத்தா ஏறும். உருளுன்னா போற கோட்டை விடாம உருளும். நம்ம பக்கம் ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாய்ல இருந்து அடிக்குமே ஒரு காத்து, அதையே வெட்டிட்டுப் போகும். நடுவர் முன்னால வரிசைப்படி கரணம் போட்டு மார்க் வாங்கறவனுக்குச் செஞ்சது இது. எட்டத்துல, அகலமா, ஆகாசம் பூராவும் வேணும் இதுக்கு.

அந்த மஞ்சள், அதுக்குப் பேரு யாக். உடம்பு குட்டை, வயிறு பெருசு, றெக்கை தடிமன், ஆனா தூக்குனா லேசு. வால்ல அசையற பலகையைப் பாருங்க, எத்தனை பெருசு. நல்லா மடங்கும். அதனால என்ன ஆகுதுன்னா, வேகமே இல்லாம மூக்கை மேல தூக்கிட்டு, ப்ரொப்பல்லர் இழுக்கற இழுப்புலயே தொங்கும். ஓட்டறவனுக்கு எதுத்தாப்புல, நாலஞ்சு தப்படி தூரத்துல, ஆணியில மாட்டுன சட்டையாட்ட நிக்கும். த்ரீ-டின்னு சொல்லிக்கறாங்க. பாட்டைப் போட்டுட்டு, புகையை விட்டுட்டு, சனம் கை தட்டறதுக்கு. காத்தடிச்சா பட்டமாட்ட அல்லாடும். நான் அதை விமானம்னே ஒத்துக்கறதில்லை. சீலிங் ஃபேனைக் கழட்டி ஆகாசத்துல மாட்டுனாப்பல.

அப்புறம் அது என் ஊட்டுல எதுக்கு நிக்குதுன்னு பாக்கறீங்க. அது என்னுது இல்லை தம்பி. சிகாமணியோடது.

சிகாமணி சிங்காநல்லூர்ல மருந்துக்கடை வெச்சிருக்கறான். நான் காந்திபுரத்துல பம்புசெட் வியாபாரம். இருபது வருஷத்துக்கு மேல பழக்கம், எல்லாம் இந்தக் கிறுக்குல வந்த பழக்கம். கிணத்துக்கடவுக்கு அந்தாண்ட ஒரு வறண்ட குளம் இருக்குது, அங்க ஞாயித்துக்கிழமை காலையில ஓட்டுவோம். ஓட்டுவோம்னு சொல்றேன், ஓட்டறது அவன். எனக்குக் கை வராது. நேராப் போற வரைக்கும் சரி. நம்மளைப் பாத்துத் திரும்பி வர்றப்ப இடது வலதாயிரும், எனக்கு வேர்த்துரும். என் வேலை பின்னால நின்னு சொல்றது. போட்டியில ஓட்டறவன் கண்ணை விமானத்தை விட்டு எடுக்கக் கூடாது பாருங்க, அடுத்த கரணம் என்னன்னு ஒருத்தன் தோளுக்குப் பின்னால நின்னு படிச்சுச் சொல்லணும். மேல ஏத்து, பாதி உருட்டு, நிறுத்து, இப்பத் திருப்புன்னு. அது நானு. கை அவனுது, வாய் என்னுது. விமானம் ஓட்டறவங்க கூடற எந்த மீட்டுக்குப் போனாலும் எங்க ரெண்டு பேர்த்தையும் ஒரே பேராத்தான் கூப்பிடுவாங்க. ஒரு வருஷம் கோப்பை வாங்குனப்ப மேடையில மைக்கைக் குடுத்தாங்க. அவன் நன்றின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு எங்கிட்ட நீட்டிட்டான். மிச்சத்தை நாந்தான் பேசுனேன். அவனுக்குப் பேச்சு கம்மி. நான் இல்லீன்னா அவன் மனசுல இருக்கறது ஒருத்தருக்கும் தெரியாது, அதைச் சொல்றதுக்குத்தான் நான்னு நெனச்சிட்டிருந்தேன்.

தை கழிஞ்சதும் எங்க பழைய விமானம் ஓஞ்சு போச்சு. இஞ்சின் அதிந்து அதிந்து உள்கட்டையெல்லாம் விரிசல். புதுசு ஒண்ணு ரெண்டு பேரும் சேந்து வாங்கறதுன்னு பேச்சு. என்ன வாங்கறதுன்னு கேக்கறதுக்கே இடமில்லை, எக்ஸ்ட்ராதான். நான் அவன் கடையில போய் உக்காந்து படத்தையெல்லாம் காட்டுனேன். அவன் ஒரு அம்மாவுக்கு மாத்திரை அட்டையைக் கத்திரியில வெட்டிக் குடுத்துட்டே சொன்னான்.

"நான் யாக் வாங்கலாம்னு இருக்கேன் சென்னி. எனக்குக் கிட்டத்துலயே வெச்சு ஓட்டணும் போல இருக்குது."

அவ்வளவுதான் சொன்னான். நீங்களே சொல்லுங்க தம்பி, இதுல இருந்து ஒரு மனுஷனுக்கு என்ன புரியும்? கோயில் மணியாட்டக் கணக்கா ஓட்டுனவன், எங்க சீமையில அவன் போடற வட்டத்தைப் பாத்து வட்டம்னா இப்படி இருக்கணும்னு நடுவரே சொன்னவன், இப்ப வந்து எனக்குத் தொங்க விடணும்ங்கறான். சின்னப் பசங்க சகவாசம்னு நெனச்சேன். கை தட்டல் கேக்குது இவனுக்குன்னு நெனச்சேன்.

அதுக்கப்புறம் நானும் விடலை. தினமும் போவேன். எக்ஸ்ட்ரா எப்படி, யாக் எப்படின்னு ஒவ்வொண்ணா எடுத்து வெப்பேன். இது காத்துக்கு நிக்கும், அது நிக்காது. இது வெச்ச எடத்துல நிக்கும், அதுல ஓயாமத் திருத்திட்டே இருக்கணும். இது கோப்பை வாங்கித் தரும், அது செல்போன்ல வீடியோ எடுக்கறதுக்கு ஆகும். அவன் அதில்ல சென்னின்னு ஆரம்பிப்பான். அப்பிடி ஆரம்பிச்சாலே எனக்குக் கோவம் வந்துரும். ஒரு மனுஷன் இத்தனை எடுத்துச் சொல்றானே, முழுசாக் கேக்கலாம்ல. அந்தப் பொறுமை அவனுக்கு இல்லை.

பங்குனியில தனியாவே யாக்கை வாங்கிட்டான். எனக்கு வந்த ஆத்திரத்துல நானும் தனியா எக்ஸ்ட்ராவை வாங்கிட்டேன். ஓட்டறதுக்கு ஆளில்லாம விமானம் வாங்குன ஒரே ஆளு கோயமுத்தூர்ல நானாத்தான் இருப்பேன்.

அதுல இருந்து அவன் நடப்பே மாறிப் போச்சுங்க. ஸ்கூட்டர் ஓட்டறதை விட்டுட்டான். கோமதிதான், அவன் சம்சாரம், முன்னால உக்காந்து ஓட்டிட்டு வரும். விமானத்தை ஒரு லோடு ஆட்டோவுல ஏத்தி விட்டுட்டு, இவன் மகாராசனாட்டப் பின்னால உக்காந்து வருவான். குளத்துக்கு வந்தா பக்கத்துல வெச்ச டீ டம்ளரை உதைச்சுத் தள்ளுவான், பெட்ரோல் கேன்ல முட்டிக்குவான், ஒரு மன்னிப்புக் கூடக் கேக்க மாட்டான். கோழியாட்டத் தலையை அங்கயும் இங்கயும் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு நடப்பான். எனக்கு என்ன தோணும்? யாரு பாக்கறாங்க, யாரு பாக்கலைன்னு எடை போடறான்னுதானே தோணும்.

வைகாசியில எங்க ஒறம்பரை ஊட்டுக் கல்யாணம், பல்லடத்துல. சாப்பாட்டுப் பந்தியில எனக்கு நாலு எலை தள்ளி உக்காந்திருந்தான். நான் கையை ஆட்டறேன். சிகாமணின்னு கூப்பிடக் கூடச் செஞ்சேன், மேளச் சத்தத்துல கேட்டிருக்காது, அது சரி. ஆனா கையை ஆட்டறேனே. நேரா முன்னாலயே பாத்துட்டு ரசத்தை ஊத்திச் சாப்பிடறான். எதுத்தாப்புல இருந்த பெரியவரு அதைப் பாத்துட்டு என்னைப் பாத்துச் சிரிச்சாரு. நான் எலைய மூடிட்டு எந்திரிச்சு வந்துட்டேன். ரெண்டு மாசம் பேசலை.

பேசலையே ஒழிய, குளத்துக்குப் போவேன். அந்தாண்டக் கரை மேல காரை நிறுத்திட்டுப் பாப்பேன். யாக்கை ஓட்டிட்டிருப்பான். ஓட்டறதாம் ஓட்டறது. மூஞ்சிக்கு நேரா நிறுத்தி, வாலு தரையில படுமோங்கற மாதிரி எறக்கி, மறுபடி ஏத்தி, அதே எடத்துல மெதுவாச் சுத்த விட்டுட்டு. அப்படியே நிக்கும். பொய் சொல்லக் கூடாது, அசையாம நிக்கும். பக்கத்துல கோமதி மட்டும் ஒரு குடையோட உக்காந்திருக்கும். பின்னால நின்னு சொல்றதுக்கு ஆள் கிடையாது. அதுக்கு ஆளே தேவையில்லை பாருங்க, மனசுக்குத் தோணுனதைச் செய்யறதுதானே. எனக்கு வயிறு எரிஞ்சுது.

ஆவணியில வருஷாந்திர மீட்டு. வெள்ளகோயில் பக்கம் ஒரு காலேஜ் மைதானத்துல வெச்சிருந்தாங்க. நான் அவனைக் கேக்காமயே எங்க ரெண்டு பேர் பேரையும் குடுத்துட்டேன், எக்ஸ்ட்ராவுல, கரணப் போட்டிக்கு. குடுத்துட்டு அவன் கடைக்குப் போனேன். நாலஞ்சு பேர் மருந்துக்கு நிக்கறாங்க. அத்தனை பேர் முன்னாலயும் சொன்னேன், இருபது வருஷம் உன் முதுகுக்குப் பின்னால நின்னிருக்கறேன், ஒரு தடவை எனக்காக நீ நில்லுன்னு. கோமதி உள்ள இருந்து வந்து வேண்டாங்ணான்னுது. ஏன்னு அது சொல்லலை, நானும் பொம்பளைக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன். சிகாமணி கல்லாவை மூடிட்டுச் சரின்னான்.

"ஆனா சென்னி, கரணத்தை மட்டும் சொல்லாத. விமானம் எங்க இருக்குதுன்னும் சொல்லிட்டே இரு."

ஓட்டறவனுக்கு விமானம் எங்க இருக்குதுன்னு பின்னால நிக்கறவன் சொல்றதா? கிண்டல் பண்றான்னு நெனச்சுக்கிட்டேன். இருந்தாலும் வர்றேன்னானே, அது போதும்னு சரி சரின்னுட்டேன். பழகறதுக்குக் கூப்பிட்டதுக்கு ஒரே ஒரு நாள் வந்தான். அன்னைக்கும் எக்ஸ்ட்ராவை நடுவுலயே கிட்டக்கிட்டச் சுத்திட்டு எறக்கிட்டான். எட்டத்துக்கு விடு, அதுக்கு ஓடறதுக்கு எடம் குடுன்னு தொண்டை கிழியக் கத்துனேன்.

மீட்டு அன்னைக்கு நல்ல காத்து. யாக்குக்காரனுங்க பூராவும் மூட்டையைக் கட்டிட்டு உக்காந்திருந்தானுங்க. நாஞ்சொல்லலை? எக்ஸ்ட்ரா கெளம்பிப் போச்சு பாருங்க, ரயில் தண்டவாளத்துல போறாப்பல. மொதல் மூணு கரணமும் நடு மைதானத்துக்கு நேரா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. நடுவர்ல ஒருத்தரு தலையை ஆட்டறது எனக்குத் தெரியுது. நாலாவது, வலது ஓரத்துக்குக் கொண்டு போய் மேல ஏத்தித் திரும்பி வரணும்.

"சென்னி, எங்க இருக்குது?"ன்னான்.

நான் பேப்பரைப் பாத்துட்டு, மேல ஏத்தி முக்கால் உருட்டுன்னேன்.

"எங்கன்னு கேக்கறேன்."

அதான் சொல்றனே, மேல ஏத்துன்னேன். எனக்கு எரிச்சல். மார்க் போயிட்டிருக்குது. அவன் ஏத்துனான். ஆனா அது அதுக்குள்ள திரும்பி, எங்க பக்கம் மூக்கை வெச்சிட்டு வந்துட்டிருக்குது. இவன் அது தூரமாப் போயிட்டிருக்குதுன்னு நெனச்சு ஓட்டறான். வலது பக்கம் சாப்பாட்டுப் பந்தல். பொம்பளைங்க, கொழந்தைங்க எல்லாம் அங்கதான். இஞ்சின் சத்தம் மேல வருது, சனம் குனியுது, சக்கரம் பந்தல் துணியைக் கிழிச்சுட்டு மேல எந்திரிக்குது. நான் திரும்பி இவன் மூஞ்சியைப் பாக்கறேன். இவன் இடது பக்கம், ஒண்ணுமே இல்லாத ஆகாசத்தைப் பாத்துட்டு இருக்கறான் தம்பி. கண்ணைச் சிமிட்டாம, வெறும் ஆகாசத்தை.

எனக்கு அந்த நேரத்துல வாயில ஒரு வார்த்தை வரலை. பேப்பரைப் போட்டுட்டு அவன் தலையை ரெண்டு கையாலயும் புடிச்சேன். புடிச்சு வலது பக்கம் திருப்புனேன். கெடச்சிருச்சுன்னான். அடுத்த நொடி விரல் வேலை செஞ்சுது. த்ராட்டிலைக் கொறைச்சு, றெக்கையை மட்டத்துக்குக் கொண்டு வந்து, பந்தலை விட்டு வெளிய எடுத்துட்டான். அது போற பக்கமெல்லாம் நான் அவன் தலையைத் திருப்பிட்டே போனேன். சுத்தி வந்து தரையில எறங்கி, ஓடி, நிக்கற வரைக்கும் கையை எடுக்கலை. அவன் கன்னமெல்லாம் வேர்வை.

யாருக்கும் அடி படலை. சேதம் பந்தல் துணியோட போச்சு. மீட்டு நடத்தறவங்க வந்து திட்டுனாங்க, போட்டியில இருந்து எடுத்துட்டாங்க. சிகாமணி ரிமோட்டை எங்கையில குடுத்துட்டு அப்படியே மண்ணுல உக்காந்துட்டான். கோமதி ஓடி வந்துது. அவனைப் பாக்கவே இல்லை, எங்கிட்டதான் வந்து நின்னுது.

"அவருக்கு ஓரப்பார்வை போக ஆரம்பிச்சு ரெண்டு வருஷமாகப் போகுதுங்ணா. இப்ப நேரா இருக்கறது மட்டுந்தான் தெரியும். கண்ணுல பிரஷர். சொட்டு மருந்து ஊத்திட்டு இருக்கறோம்."

ரெண்டு வருஷம். கேளுங்க தம்பி, ரெண்டு வருஷம். கல்யாணத்துல நான் கையை ஆட்டுனது அவனுக்குத் தெரியவே இல்லை. டீ டம்ளர் தெரியலை. கிட்டத்துல மூஞ்சிக்கு நேரா நிக்கற விமானந்தான் அவனுக்குத் தெரியும், அதனாலதான் யாக். இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? எங்கிட்டச் சொல்லலை, ஆனா ஊருக்கே தெரிஞ்சிருக்குது. அவன் கடைப் பையனுக்குத் தெரியும். குளத்துக்கு வர்றவங்க ரெண்டு மூணு பேருக்குத் தெரியும். எங்க ஊட்டுலயே தெரியும்! கோமதி ஆடிக்கே சொல்லிருச்சாம். நீ ஏன்டி எங்கிட்டச் சொல்லலைன்னு கேட்டா, நீங்க எப்பங்க என்னையப் பேச உட்டீங்கங்கறா. எப்படி இருக்குது பாருங்க ஞாயம்? புருசன் பெரிய அவமானத்துல வந்து நிக்கறான், இவ இப்பிடிப் பேசறா.

நான் அவன் ஊட்டுக்குப் போகலை. அவந்தான் வந்தான், பஸ் ஏறி, கோமதி கையைப் புடிச்சிட்டு. நீங்க உக்காந்திருக்கற அதே ஸ்டூல்ல உக்காந்தான். நான் கேட்டேன், ஏன் சிகாமணி, இருபது வருஷம் எதுக்குப் பழகுனோம், எங்கிட்டச் சொன்னா என்னன்னு.

"சொல்லத்தான் வந்தேன். கடையில, மாசியில. நீ காத்தைப் பத்திப் பேசிட்டிருந்தே"ன்னான். அப்புறம், "சொன்னா ஓட்டறதை நிறுத்துன்னு நீ முடிவு பண்ணிருப்பே சென்னி. டாக்டர் கூட நிறுத்துன்னு சொல்லலை"ன்னான்.

ஆமா, நிறுத்தியிருப்பேன். அதுல என்ன தப்பு? அன்னைக்கே ரிமோட்டைப் புடுங்கி பீரோவுல வெச்சுப் பூட்டியிருப்பேன். கண்ணு முக்கியமா, கரணம் முக்கியமா? இதைச் சொன்னதும் கோமதி சிரிச்சுது. எதுக்குச் சிரிச்சுதுன்னு எனக்கு இன்னும் புரியலை.

போன பார்வை திரும்ப வராதாம், இருக்கறதைக் காப்பாத்தலாமாம். எக்ஸ்ட்ராவை அவன் இனித் தொட மாட்டான். எனக்கோ ஓட்ட வராது. அதான் விக்கறேன். யாக்கை அவன் ஓட்டறான், குளத்துல, மூஞ்சிக்கு நேரா, பக்கத்துல ஒருத்தரும் இல்லாத எடத்துல, காத்தில்லாத நாளாப் பாத்து. கோமதிக்கு அதைத் தூக்கிட்டு வர முடியலைன்னு இங்க எங்கிட்ட விட்டிருக்கறான். ஞாயித்துக்கிழமையானா நாந்தான் கார்ல போட்டுக்கிட்டு அவனையும் கூட்டிட்டுப் போறேன். அவ்வளவு அவமானத்துக்கு அப்புறமும் டிரைவர் வேலை பாக்கறேன், பாத்துக்குங்க.

அங்க போனா எனக்கு என்ன வேலை? ஒண்ணுமில்லை. பின்னால நிக்கலாம், பேசக் கூடாது. சத்தம் கேட்டாத் தலை தானாத் திரும்பிருதாம், திரும்புனா விமானம் கண்ணை விட்டுப் போயிருதாம். அதனால வாயைத் திறக்கக் கூடாதுன்னுட்டான். எங்கிட்ட. இருபது வருஷம் அவனுக்கு வாயா இருந்தவங்கிட்ட.

போன வாரம் நின்னேன். யாக் எதுத்தாப்புல தொங்குது. ப்ரொப்பல்லர் காத்துல குளத்து மண்ணு லேசாப் பறக்குது. கொஞ்சம் இடது பக்கம் சாயுது, எனக்குத் தெரியுது, நாக்கு நுனியில வந்து நிக்குது, கடிச்சுக்கிட்டேன். அவன் சரி பண்ணிட்டான். மறுபடியும் சாயுது. மறுபடியும் சரி பண்ணிட்டான். நான் மூச்சு விடற சத்தம் கூடக் கேக்காம நின்னேன். அப்பிடி எத்தனை நேரம் நின்னனோ, அவன் விமானத்துல இருந்து கண்ணை எடுக்காமயே கேட்டான்.

"சென்னி, போயிட்டியா?"

"இல்லை"ன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சொல்றதுக்கு எத்தனையோ இருந்துது தம்பி. அத்தனையும் தொண்டைக்குள்ள வெச்சிட்டு, பெட்ரோல் தீந்து அவன் அதை எறக்கற வரைக்கும் அங்கயே நின்னேன்.